கங்கைக் கரையில் ஒரு நூல்நிலையம்

“காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது” என்பது நம் ஊர்ப் பாட்டிமார் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. காசிக்கு எதிர்க்கரையிலேயே வாசம் செய்து, வாரத்தில் பல நாள் கங்கையைக் கண்ணாரக் காணும் பேறு பெற்ற எனக்கு அப்பழமொழியின் உண்மை நன்றாகத் தெரியும். ஆயினும் சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளன்று, நெடுநாளாக என் நெஞ்சில் கிடந்த பாரம் ஒன்று அந்நகரிலேயே தொலைந்தது. தொலைந்த இடம் மணிகர்ணிகைத் துறையன்று. விசுவநாதர் சந்நிதியும் அன்று. காசி இந்துப் பல்கலைக் கழகத்தின் நூல்நிலையம். அவ்விடத்தைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கும், முக்கியமாகப் படிக்கும் பிள்ளைகளை உடைய தாய்மார்களுக்கும் சில சொல்ல விழைகின்றேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டொரு வார்த்தை. முகல்சராய் என்று நெடுங்காலம் வழங்கி, 2018ஆம் ஆண்டு முதல் பண்டித தீனதயாள் உபாத்தியாய சந்திப்பு என்று பெயர் பெற்றுள்ள இரயில் நிலையத்தில் சரக்குப் பகுதிக் குமாஸ்தா நான். என் தந்தையார் சீர்காழிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்தவர். அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் கடைநிலை ஊழியம் கிடைத்தது. பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். இப்போது வயது முப்பத்தாறு. கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

இருபத்திரண்டாம் வயதில் அலுவலக வேலையாக வேறொரு நகருக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள பெரிய நூல்நிலையம் ஒன்றைக் கண்டு ஆசையுடன் படியேறினேன். வாயிலில் அமர்ந்திருந்தவர், “எந்தக் கல்லூரி? என்ன படிக்கிறாய்?” என்று கேட்டார். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நானே திரும்பிவிட்டேன். அன்று முதல் பதினான்கு ஆண்டுகள் எந்தப் பெரிய நூல்நிலையத்தின் படியையும் நான் ஏறியதில்லை. மேலே நான் குறிப்பிட்ட பாரம் இதுதான்.

திரும்பிவர வேண்டாத டிக்கட்

என் அக்காள் மகள் இப்பல்கலைக் கழகத்தில் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். வாரம் ஒரு முறை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, தன் அத்தை கையால் இரசமும் சோறும் உண்டு, குழந்தைகளுடன் விளையாடிவிட்டுப் போவாள். ஒரு நாள் அவள் வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளேயன்றி உண்ணவில்லை.

“மாமா, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கட் எடுத்துத் தாருங்கள். போவதற்கு மட்டும் போதும், வருவதற்கு வேண்டாம்” என்றாள்.

விசாரித்ததில் விஷயம் தெரியவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசிக்கு வந்த தமிழ் யாத்திரிகர்களையும், அவர்கள் தங்கிய சத்திரங்களையும் பற்றி ஆராய்வது அவள் எடுத்துக்கொண்ட பொருள். அதே பொருளில் வேறொருவர் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றுவிட்டார் என்று உடன் பயிலும் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஓராண்டு உழைப்பும் வீணாயிற்று என்ற துயரம் ஒருபுறம். மொழி புரியாத ஊரில் தனிமை ஒருபுறம். “அப்பா வாங்கிய கடனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்று அவள் கேட்டபோது என் மனைவியும் கண்ணீர் விட்டாள்.

சரக்குப் பகுதியில் வேலை செய்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு வந்து சேரவில்லை, தொலைந்தே போயிற்று என்று வியாபாரி வந்து கூக்குரலிட்டால் நாங்கள் உடனே நம்பிவிட மாட்டோம். வேகனின் எண்ணைக் கேட்டு வாங்கி, அது எந்த நிலையத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் எங்கேனும் ஒரு கிளைப்பாதையில் அது பத்திரமாக நின்றுகொண்டிருக்கும்.

“அந்த ஆய்வேட்டை நீ கண்ணால் பார்த்தாயா, அம்மா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. பார்க்கவே பயமாக இருக்கிறது.”

அவள் மனத்தை நோகச் செய்ய விரும்பாமல், பத்து நாள் கழித்துப் புறப்படும் சென்னை வண்டியில் டிக்கட் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தேன். “ஊருக்குப் போகுமுன் உன் நூல்நிலையத்தை எனக்கு ஒருமுறை காட்டிவிட்டுப் போ” என்றேன். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாதென்று அவள் இசைந்தாள். எனக்கு உள்ளூர இருந்த அச்சம் அவளுக்குத் தெரியாது.

பாலம் கடந்து

எனக்கு வார ஓய்வு புதன்கிழமை. முதல்நாள் மாலையே வந்து தங்கியிருந்த பெண்ணை அழைத்துக்கொண்டு, காலை உள்ளூர் வண்டியில் புறப்பட்டேன். சிறிது நேரத்தில் கங்கைப் பாலம் வந்தது. 1887ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது டஃபரின் பாலம் என்று பெயர். 1948 முதல் மாளவியா பாலம் என்று வழங்குகிறது. கீழே இரயில், மேலே சாலை என இரண்டடுக்காக அமைந்தது. வண்டி பாலத்தின்மீது மெல்ல ஊர்ந்து செல்லும்போது, இடப்புறம் வில்லைப்போல் வளைந்து கிடக்கும் கங்கையும், அதன் கரையில் படித்துறைகளும், கோபுரங்களும், இளவெயிலில் பொன்னிறமாகத் தோன்றும் காட்சியை எத்தனை முறை கண்டாலும் தெவிட்டுவதில்லை.

பாலத்தின் மேற்குக் கோடியிலுள்ள காசி நிலையத்தில் இறங்கி மின் ரிக்ஷாவில் ஏறினோம். கூட்டமும் சத்தமும் நிறைந்த கோதௌலியாவைக் கடந்து சோனார்புராவை அடைந்தால், நம்மவர் மூச்சு சற்றே இளைப்பாறும். ஏனெனில் அங்கிருந்து கங்கைப் பக்கம் இறங்கும் சந்துகளில்தான் கேதார கட்டமும் அனுமான் கட்டமும் உள்ளன. குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் தோற்றுவித்த மடம், 1898இல் காசிக்கு வந்த இளம் பாரதியார் தங்கிப் படித்த இல்லம் ஆகிய இரண்டும் இப்பக்கத்தனவே. வாசலில் கோலமும், காப்பி மணமும் காசியில் காணக் கிடைக்கும் இடம் இது. அதையும் கடந்து அஸ்ஸியைத் தாண்டினால் வருவது ‘லங்கா’ என்னும் பகுதி. இராமலீலைக் கூத்தினால் வந்த பெயராம். இலங்கையைக் கடந்தால்தான் பல்கலைக் கழகத்தின் சிங்க வாயிலுக்குள் நுழையலாம் என்று பெண்ணிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள்.

வாயிலுக்குள் நுழைந்ததும் நகரத்தின் ஓசை அடங்கிவிடுகிறது. 1916ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற இக்கலைக் கழகம் காசி அரசர் அளித்த நிலத்தில் அரைவட்ட வடிவில் அமைந்தது. ஏறக்குறைய 1,300 ஏக்கர் பரப்பு. அகன்ற சாலைகள், இருமருங்கும் நிழல் மரங்கள், சைக்கிளில் செல்லும் மாணவர்கள் என ஒரு தனி ஊராகவே விளங்குகிறது.

வட்ட மண்டபம்

நூல்நிலையத்தின் முன் நின்றபோது என் கால்கள் தயங்கின. மாடமும் குவிந்த கூரையும் கொண்ட அக்கட்டடம் அரண்மனை போன்றது. அதன் வரலாறும் ஒரு வகையில் யாசகத்தின் வரலாறே. நீதிபதி காசிநாத திரியம்பக தெலாங் அவர்களின் நினைவாக அவர் குமாரர் அளித்த நூல்களைக் கொண்டு 1917இல் இது தொடங்கிற்று. முதலில் கமச்சாவிலிருந்த மத்திய இந்துக் கல்லூரியில் ஓர் அறைதான் இதற்கு இருப்பிடம். 1931இல் வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்ற பண்டித மதனமோகன மாளவியா அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்டமான வாசக மண்டபத்தைக் கண்டார். அத்தகையது ஒன்று காசியிலும் வேண்டும் என்று கருதினார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் பொருள் உதவினார். 1941இல் இக்கட்டடத்துக்கு நூல்நிலையம் குடிவந்தது. இன்றும் அம்மன்னர் பெயரே இதற்கு வழங்குகிறது. கிளை நூலகங்களையும் சேர்த்து எண்ணினால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இப்பல்கலைக் கழகத்தில் உள்ளன.

வாயிலில் பையை வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி, வெளியாருக்கு உரிய அனுமதி கேட்டோம். ஒரு பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்கள். பெயர், முகவரி, வந்த காரியம். அவ்வளவுதான், படிப்பு என்று ஒரு கட்டம் இல்லை. ‘வந்த காரியம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விழித்தேன். “பார்க்க” என்று எழுதினேன்.

உள்ளே உயர்ந்த மண்டபம். நீண்ட மேசைகள். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருந்தும் தாள் புரளும் ஓசையன்றி வேறு ஓசை இல்லை. சந்நிதியில் நிற்பதுபோல் என்னையறியாமல் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

சீர்காழிக்காரர்

ஆராய்ச்சியாளர்க்கு உதவும் மேசையில் நடுத்தர வயது அம்மையார் ஒருவர் இருந்தார். பெண் தயங்கித் தயங்கித் தன் செய்தியைச் சொன்னாள். நாங்கள் தமிழர் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இங்கே நூல்களை ஒழுங்குபடுத்தியவரே உங்கள் ஊர்க்காரர்தாம்” என்று இந்தியில் சொல்லி, அரங்கநாதன் அவர்களைப் பற்றிப் பேசலானார்.

சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் 1892இல் பிறந்தவர்; கணிதப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராக நியமிக்கப்பெற்றார். தொடக்கத்தில் அவ்வேலை அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. தனிமை வாட்டியது. சில வாரங்களிலேயே பழைய ஆசிரியர் வேலையைத் திருப்பித் தரும்படி மன்றாடினார். லண்டனுக்குச் சென்று நூலகக் கலையைப் பயின்று வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்று அனுப்பினார்கள். சென்றவர் முற்றிலும் மாறித் திரும்பினார். நூலகக் கலைக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். சென்னையில் இருபதாண்டுப் பணியை முடித்தபின், அப்போது இக்காசிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அழைக்க, 1945இல் இங்கே வந்தார். 1947 வரை இருந்து, ஏறக்குறைய ஓர் இலட்சம் நூல்களைத் தனியொருவராகவே பகுத்து வகைப்படுத்தினார். பின்னர் தில்லி சென்றார். 1972இல் பெங்களூரில் காலமானார்.

“கேட்டாயா? அவரும் முதலில் ஊருக்கு டிக்கட் கேட்டவர்தாம்” என்று பெண்ணின் காதில் சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

கோலன் என்பது முக்காற்புள்ளி. ஒரு நூல் எதைப் பற்றியது என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ தந்து, புள்ளிகளால் இணைப்பது இம்முறை. வரலாற்றுக்கு ‘வி’, இந்தியாவுக்கு 44. ஆகவே இந்திய வரலாறு ‘வி44’. இலக்கியத்துக்கு ‘ஓ’, தமிழுக்கு 31. ஆகவே தமிழ் இலக்கியம் ‘ஓ31’. அம்மையார் இதை விளக்கியபோது எனக்கு வியப்பு தாங்கவில்லை. எங்கள் வேகன்களின்மீது எழுதியிருக்கும் பதினோர் இலக்கமும் இப்படித்தானே! முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை; அடுத்த இரண்டு எந்த இரயில்வேக்கு உரியது என்பது; அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு; அடுத்த நான்கு அதன் தனி எண்; கடைசி இலக்கம் மற்றவை பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சோதிப்பதற்கு. எண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேகன் தன் ஜாதகத்தையே சொல்லிவிடும். நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணும் அதுபோன்றதே. இதுகாறும் படித்தவர்களுடைய இரகசியம் என்று நான் அஞ்சியிருந்தது, என் அன்றாடத் தொழிலில் நான் செய்துவருவதற்கு அண்ணனாக இருந்தது.

எதிரி வழிகாட்டியான கதை

இனி எங்கள் காரியத்துக்கு வருகிறேன். அம்மையார் கணினியின் முன் பெண்ணை அமர்த்தினார். நம் நாட்டுப் பல்கலைக் கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு. ‘சோத்கங்கா’ என்பது அதன் பெயர். ஆராய்ச்சியின் கங்கை என்று பொருள். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் அதை நடத்துகிறது. ஆய்வேடுகளைக் கணினி வடிவிலும் அளிக்கவேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2009இல் விதி செய்ததன் பயனாக, இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் திரண்டுள்ளன. கட்டணம் இல்லை. செல்பேசி உடைய எவரும், எந்த ஊரிலிருந்தும் திறந்து படிக்கலாம்.

தேடியதில் தோழி சொன்ன ஆய்வேடு சில நிமிடங்களில் அகப்பட்டது. தலைப்பைக் கண்டதும் பெண்ணின் முகம் வெளுத்தது. காசி, தமிழர், சத்திரம், மடம் எல்லாம் அத்தலைப்பில் இருந்தன.

“தலைப்பை மட்டும் படித்து நிறுத்தக் கூடாது. பொருளடக்கத்தைத் திற. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பார்” என்றார் அம்மையார்.

பார்த்தோம். அந்த ஆய்வேடு சுதந்தரத்துக்குப் பிற்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதிலும் மடங்களின் சமயப் பணியே பெரும்பகுதி. யாத்திரிகர் எவ்வழியாக வந்தார்கள், சத்திரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, கணக்கு வழக்கு எப்படி நடந்தது என்பன போன்று இவள் கேட்கும் கேள்விகள் அதில் இல்லை. முன்னுரையில் அவ்வாசிரியரே, முந்திய நூற்றாண்டைத் தாம் தொடவில்லை என்றும், அது தனியே ஆராயத்தக்கது என்றும் எழுதியிருந்தார்.

பெண் அந்தப் பக்கத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மையார் அதோடு விடவில்லை. “இப்போது கடைசியில் உள்ள நூற்பட்டியலைத் திற. இது உனக்கு எதிரி அன்று, வழிகாட்டி” என்றார். அப்பட்டியலில் இவள் கேள்வியுறாத ஆவணங்கள் பல இருந்தன. அவற்றோடு அம்மையார் தாமும் சிலவற்றைச் சொன்னார். காசி நாணயச் சாலையில் உத்தியோகம் பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் வரைந்து 1830களில் வெளிவந்த காசிச் சித்திரங்கள். பாதிரியார் ஷெரிங் 1868இல் எழுதிய காசி வருணனை. நெவில் தொகுத்து 1909இல் வெளியான மாவட்ட கெஜட்டியர். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முன்னோடியான சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாயிருந்த ஏனுகுல வீராசாமி 1830இல் புறப்பட்டுக் காசி சென்று வந்த வரலாறு. அது தெலுங்கில் 1838இல் அச்சேறியது. இரயில் இல்லாத காலத்தில் ஒருவர் சென்னையிலிருந்து காசிக்கு எந்தெந்த ஊர் வழியாக வந்தார், எங்கெங்கே தங்கினார் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு என்ன வேண்டும்? பழைய தமிழ் அச்சு நூல்களுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதும்படியும் சொன்னார். கோட்டையூர்ச் செட்டியார் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் அமைந்த நூலகம் அது.

முன்னே ஒருவர் தண்டவாளம் போட்டிருந்தால் நமக்குப் பாதை அடைபட்டது என்று பொருளன்று. அதுவரை விரைந்து சென்று, அதற்கப்பால் நாம் போடலாம் என்று பொருள். இதை இரயில்வேக்காரனாகிய நானல்லவோ முதலில் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்!

நூலகம் செய்யும் பணிகள்

நூல்நிலையம் என்றால் நூலைக் கொடுத்து வாங்கும் இடம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பல்கலைக் கழக நூலகம் ஆராய்ச்சி மாணவர்க்குச் செய்யும் பணிகள் அதனினும் பல.

தன்னிடம் இல்லாத நூலோ கட்டுரையோ வேறு நூலகத்தில் இருந்தால் அதைக் கடனாகவோ பிரதியாகவோ வருவித்துக் கொடுக்க நூலகங்களுக்குள் ஏற்பாடு உண்டு. ஒரு நிலையத்தில் பதிவு செய்த சரக்கு பல இரயில்வேக்களின் பாதையில் ஓடி உரியவரிடம் சேர்வது போன்றது இது. விலை மிகுந்த ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் படிக்க, 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் மத்திய அரசுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள், முப்பது பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 பத்திரிகைகளைக் கணினிவழிப் படிக்க இது வகை செய்தது. ஆகவே சிறிய ஊரின் அரசுக் கல்லூரியில் நம் பிள்ளை படித்தாலும், பெரிய நகரத்து மாணவனுக்குக் கிடைக்கும் பத்திரிகைகளைக் கேட்டுப் பெற வழி உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

ஆய்வேட்டை முடித்தபின் அதில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்துள்ளது என்று கணினியால் சோதித்துப் பார்ப்பதும் நூலகத்தின் வேலையாகியிருக்கிறது. 2018இல் வந்த விதிப்படி பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் குற்றமில்லை, மிகுந்தால் திருத்தவேண்டும், மிக மிகுந்தால் பதிவே ரத்தாகும். மேற்கோளை மேற்கோள் என்று முறையாகக் காட்டக் கற்றுக்கொடுப்பதும் இவர்களே.

எனக்கு வந்த நூல்

பெண் குறிப்பெடுப்பதில் ஆழ்ந்துவிட்டாள். நான் ஒரு மூலையில் நின்றேன். அம்மையார் என்னை நோக்கி, “ஐயா, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றார்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி எனக்கு நினைவு வந்தது. அன்று, என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள். இன்று, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. அரங்கநாதன் அவர்கள் வகுத்த விதிகளின் சாரமும் இதுதான் என்று பின்னர் அறிந்துகொண்டேன். நூல் பூட்டி வைப்பதற்கு அன்று, பயன்படுவதற்கே. வாசகன் யாராயினும் அவனுக்கென்று ஒரு நூல் உண்டு. நூல் எதுவாயினும் அதற்கென்று ஒரு வாசகன் உண்டு. இருவரையும் காலம் வீணாகாமல் சேர்த்து வைப்பதே நூலகரின் தொழில். நூலகமோ வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

“நான் நாள்தோறும் பார்க்கும் கங்கைப் பாலத்தைப் பற்றி ஏதேனும் இருந்தால்...” என்று இழுத்தேன்.

கால் மணி நேரத்தில் பழைய இரயில்வே நூல் ஒன்று என் முன்னே வந்தது. பொடிந்துவிடும் போன்ற பழுப்புத் தாள். என் ஆங்கிலம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம். அகராதியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அயோத்தி ரோகில்கண்ட் இரயில்வே அப்பாலத்தைக் கட்டிய வரலாற்றையும், 350 அடி கொண்ட பெரிய கண்கள் ஏழும் 110 அடி கொண்ட சிறிய கண்கள் ஒன்பதும் அதற்கு உண்டு என்பதையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எத்தனையோ ஆண்டுகளாக அதைக் கடந்துவரும் நான் அதன் கண்களை எண்ணியதில்லை. மணி இரண்டானது தெரியவில்லை. “மாமா, பசிக்கவில்லையா?” என்று பெண் வந்து தொட்டபோதுதான் தலை நிமிர்ந்தேன். அவள் வாய்விட்டுப் பசி என்று சொல்லிப் பல நாள் ஆகியிருந்தது.

திரும்பும்போது மாலை வெயில் கங்கையில் மின்னிற்று. வண்டி பாலத்தில் ஏறியதும் நான் கண்களை எண்ணத் தொடங்கினேன். பெண் சிரித்துக்கொண்டு தானும் எண்ணினாள். எங்கள் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. அடுத்த வாரம் மீண்டும் எண்ணுவதாக முடிவு செய்தோம்.

மறுநாள் அவள் டிக்கட்டை ரத்துச் செய்தேன். பிடித்தம் போக மீதிப் பணம் வந்தது. இரயில்வேக்கு நான் செலுத்திய பிடித்தங்களில் மனமுவந்து செலுத்தியது அது ஒன்றே.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்லும்போது, பணத்தையும் உணவையும் பற்றி விசாரிக்கிறோம். நூலகத்துக்குப் போனாயா, அங்கே யாரைக் கேட்டாய் என்று விசாரிப்பதில்லை. நமக்கே அவ்விடம் அச்சம் தருவது அதற்குக் காரணமாயிருக்கலாம். அவ்வச்சத்தை விடுவோம். பல்கலைக் கழகம் உள்ள ஊரில் வாழ்வோர், அனுமதி பெற்று ஒருமுறையேனும் குழந்தைகளுடன் அதன் நூலகத்தைக் கண்டு வருவது நலம். அனுமதி இல்லாத இடத்திலும் வீட்டிலிருந்தபடியே படிக்கச் சோத்கங்காவும், தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எனக்கும் ஒரு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். என் மனைவி சிரித்தாள். ஆனால் மேசையை ஒழித்துக் கொடுத்தாள். பெண் இப்போது வாரந்தோறும் வந்து, தன் சத்திரங்களின் கதையைச் சொல்லிக்கொண்டே இரசஞ்சோறு உண்டு, எனக்கு ஆங்கிலப் பாடமும் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இனி அந்நூல்நிலையத்தின் பதிவேட்டில் ‘வந்த காரியம்’ என்ற இடத்தில் “பார்க்க” என்று எழுத மாட்டேன். “படிக்க” என்று எழுதுவேன்.